காலண்டர் தாளும் காதோலையும்

மதுரையில் எங்கள் பங்கில் ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்தபின் மறைக்கல்வி வகுப்பு நடைபெறும். சென்ற ஆண்டு புதுநன்மைக்கு ஆயத்தமான பிள்ளைகளுள் ஒரு சிறுமி, எப்போதும் முன்வரிசையில் அமர்ந்து கேள்விகளுக்கெல்லாம் முந்திக்கொண்டு விடை சொல்பவள், ஒரு ஞாயிறு முதல் பின்வரிசைக்குப் போய்விட்டாள். தலைமுடியைக் காதுகளின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். அருகில் சென்று பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. காதுகளில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு துண்டு ஈர்க்குச்சி செருகப்பட்டிருந்தது.

இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது என்பதற்கு நம் ஊர்களில் அதுவே அடையாளம். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு சவரன் தங்கத்தின் விலை 70,000 ரூபாயைத் தாண்டிற்று. அதன் பின்னரும் ஏறிக்கொண்டே சென்றது. இந்த நிலையில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு ஓர் அவசரச் செலவு வந்துவிட்டால், முதலில் வெறுமையாவது பெண்பிள்ளையின் காதுதான். மீட்பதோ எளிதில் நடவாது.

மூன்று வாரம் சென்றபின் அச்சிறுமி மீண்டும் முன்வரிசைக்கு வந்தாள். காதுகளில் நீலமும் பொன்னிறமுமாக இரண்டு ஜிமிக்கிகள் ஆடின. "அம்மா செய்தது, டீச்சர். பேப்பர்தான். பழைய காலண்டர்" என்றாள். கையில் வாங்கிப் பார்த்தேன். இறகுபோல் எடையில்லை, ஆனால் நகத்தால் தட்டினால் மரத்தைப்போல் ஒலித்தது. அந்தத் தாயைப் பின்னர் பலமுறை சந்தித்துப் பேசியதாலும், அவரிடம் கற்றுக்கொண்டு நானும் என் வீட்டில் செய்து பார்த்துப் பாதியைப் பாழாக்கியதாலும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

காகிதத்தில் நகையா என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்கள் தமிழில் 'ஓலை' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். நம் முன்னோர் எழுதியதும் பனையோலையில். காதில் அணிந்ததும் பனையோலைச் சுருள். அதனால்தான் காதணிக்கே ஓலை, காதோலை என்று பெயர் வந்தது. ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விடும் மங்கலப் பொருள்களில் காதோலையும் கருகமணியும் இன்றும் இடம் பெறுகின்றன. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்த மூதாட்டியரைக் கண்டவர்கள், அந்தக் காதுகள் எவ்வாறு வளர்க்கப்பட்டன என்று கேட்டிருப்பார்கள். துளையில் பஞ்சும், பின்னர் ஓலைச் சுருளும் வைப்பார்கள். சுருட்டிய ஓலை விரிய முயலும். அந்த விரிவிலேயே துளை மெல்ல மெல்லப் பெருகும். தோளைத் தொட்ட அந்தத் தண்டட்டியும் முழுப்பொன் அன்று. மேலே பொற்றகடு, உள்ளே அரக்கு. நகையின் அழகுக்கு எடை வேண்டியதில்லை என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்தே இருந்தது.

ஓலையிலிருந்து தமிழ் எழுத்து காகிதத்துக்கு இறங்கிய கதையில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. இயேசு சபைக் குருவான என்றீக்கே என்றீக்கசு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைக் கொல்லத்தில் அச்சேற்றியது 1578இல். காகிதத்தைச் சுருட்டி அணிகலன் செய்த கதையிலும் துறவியர் வருகின்றனர் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு, இத்தாலி நாட்டுக் கன்னியர் மடங்களில், புனிதர்களின் அருளிக்கங்களை வைக்கும் பேழைகளை அலங்கரிக்க ஒரு முறையைக் கையாண்டனர். ஓரம் பொன்முலாம் பூசிய காகிதத்தை ஒடுங்கிய பட்டைகளாக வெட்டிச் சுருட்டி, சுருள்களை மலராகவும் கொடியாகவும் ஒட்டினர். கண்ணாடிக்குப் பின்னால் அவை பொற்கம்பி வேலையைப்போல் மின்னின. புத்தகம் கட்டுவோர் பொன்பூசிய ஓரத்தைச் சீவும்போது விழும் சீவலையும் இதற்குப் பயன்படுத்தினர் என்பர். கார்மேல் சபை, மரியன்னை சந்திப்புச் சபைக் கன்னியர் செய்த இத்தகைய பேழைகள் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன.

ஓரச் சீவல் என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டிய ஊர் வேறொன்று. மதுரைக்குத் தெற்கே பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு தேவைப்பட்டது. அந்தச் சீட்டுக்காக அச்சகங்கள் தோன்றின. சீட்டிலிருந்து காலண்டருக்கும் டைரிக்கும் அத்தொழில் வளர்ந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் மளிகைக் கடை, துணிக் கடை, கூட்டுறவு வங்கி என்று யார் கொடுத்த காலண்டர் தொங்கினாலும், அது பெரும்பாலும் சிவகாசியில் அச்சானதாகவே இருக்கும். அந்த அச்சகங்களில் வெட்டுப்பொறி சீவித் தள்ளும் ஓரங்கள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகின்றன. நம் வீட்டுக் காலண்டரோ டிசம்பர் 31ஆம் நாளோடு ஆணியிலிருந்து இறங்கி, அலமாரித் தட்டில் விரிப்பாகி, பின்னர் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

மாதத் தாளாக வரும் காலண்டரே நகைக்கு ஏற்றது. தாள் வழவழப்பானது, கனமானது, இருபுறமும் மை நன்கு பதிந்தது. நாள்தோறும் கிழிக்கும் தினக் காலண்டர் தாள் மிக மெல்லியது. செய்தித்தாள் பசை பட்டதும் நொய்ந்துவிடும். மையும் விரலில் ஒட்டும். ஆயினும் அது முற்றிலும் பயனற்றதன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குச் செய்தித்தாளைச் சுருட்டிக் கிண்ணமும் பெட்டியும் அணிகலனும் செய்யக் கற்பித்தனர். 'வெல்பேப்பர்' என்ற பெயரில் அது தொழிற்கூடமாகவே வளர்ந்தது.

மணி உருட்டும் முறை

முதலில் நீள்மணி. இதுவே எளிது, பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

மாதக் காலண்டர் தாள் பொதுவாக 15 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உடையது. செ.மீட்டரில் ஏறக்குறைய 38க்கு 51. இதை முக்கோணப் பட்டைகளாக வெட்ட வேண்டும். அடி 2 செ.மீ.; அங்கிருந்து ஒடுங்கி ஒடுங்கி, 38 செ.மீ. தொலைவில் ஊசி முனைபோல் முடிய வேண்டும். ஒரு முக்கோணம் தலைகீழாகவும் அடுத்தது நேராகவும் வருமாறு கோடு கிழித்து வெட்டினால் தாள் வீணாகாது. ஒரு தாளில் ஐம்பது பட்டைகள் தேறும். பன்னிரண்டு மாதத் தாள்களுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: அறுநூறு மணிகள்!

உருட்டுவதற்குப் பின்னலூசி வேண்டும் என்பார்கள். வீட்டிலுள்ள விளக்குமாற்றின் ஈர்க்குச்சியே போதும். அடியும் நுனியும் நீக்கி நடுப்பகுதியை நறுக்கிக்கொள்ளலாம். பழைய சைக்கிள் போக்குக் கம்பி இன்னும் நேராக இருக்கும். பட்டையின் அகன்ற முனையைக் குச்சியின்மேல் வைத்து இறுக உருட்டத் தொடங்க வேண்டும். முதல் சுற்றில் பசை தடவினால் மணி குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். நான் இழந்த மணிகளில் பெரும்பகுதி இப்படிப் போனவையே. ஒரு சுற்று முடிந்தபின், மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவிக்கொண்டே உருட்ட வேண்டும். ஒடுங்கும் பட்டை நடுவிலேயே ஏறிச் செல்ல வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மணி நத்தை ஓடுபோல் கோணிவிடும். சரியாக உருட்டினால், நடு பருத்து இரு முனையும் ஒடுங்கிய, ஏறக்குறைய 7 மி.மீ. பருமனுள்ள மணி கிடைக்கும்.

இதிலே ஒரு விந்தை உண்டு. தாளில் இருக்கும் படம் மணியில் தெரியாது. பட்டையின் இரு ஓரங்களும் கடைசி முனையுமே வெளியே தெரியும். மலைக் காட்சி, மாளிகை, நடிகையின் முகம் ஆகிய எல்லாம் உள்ளே சுருண்டு மறைந்து, ஓரத்து நிறங்கள் மட்டும் வரிவரியாக நிற்கும். ஆகவே படத்தின் அழகைப் பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. நிறங்கள் எப்படி மாறி மாறி வருகின்றன என்றே பார்க்க வேண்டும்.

திருவுருவப் படமுள்ள காலண்டர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவற்றைக் குப்பையில் எறிய நம் தாய்மாருக்கு மனம் வராது. கத்திரிக்கோலை எடுக்கவும் கை கூசும். மந்திரித்த படமாயின் எரித்துவிடுவதோ மண்ணில் புதைப்பதோ வழக்கம். மந்திரிக்காத காலண்டர் படத்தை என்ன செய்வது? அந்தத் தாய் அவற்றைத் தனியே எடுத்து வைத்துச் செபமாலை மட்டுமே செய்கிறார். எனக்கு அது சரியெனவே படுகிறது. செபமாலைக்கு அடி 1 செ.மீ., நீளம் 19 செ.மீ. போதும். 53 அருள்நிறை மணிகளும், சற்றுப் பருமனாக வேறு தாளில் உருட்டிய 6 கர்த்தர் கற்பித்த செப மணிகளும் வேண்டும். மொத்தம் 59. ஒரே காலண்டர் தாளிலிருந்து மூன்று செபமாலைகளுக்கு வேண்டிய சிறுமணிகள் கிடைத்துவிடுகின்றன.

ஜிமிக்கி செய்வது இதைவிட நுணுக்கமானது. இதற்கு 3 முதல் 5 மி.மீ. அகலத்தில் ஒரே சீரான நேர்ப்பட்டை வேண்டும். கையால் வெட்டினால் சீர் வராது. அச்சகத்து ஓரச் சீவல் கிடைத்தால் நல்லது. பெரிய கோணி ஊசியின் காதை மேற்புறம் உடைத்துவிட்டால் அது கவைபோல் பிளந்து நிற்கும். கூர்முனையைப் பென்சிலில் குத்திக்கொண்டால் சுருட்டுங் கருவி தயார். பட்டையின் முனையைப் பிளவில் செருகி, இறுகச் சுற்றி, முடிந்த இடத்தில் அடுத்த பட்டையை ஒட்டி, மேலும் மேலும் சுற்ற வேண்டும். பத்துப் பைசா நாணயம்போல் தட்டையான வட்டு கிடைத்ததும், கோலிக்குண்டின்மேல் அதை வைத்து விரலால் மெல்ல அழுத்தினால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இறங்கிக் குடைபோல் கவியும். உடனே உட்புறம் பசை பூச வேண்டும். தவறினால், ஓலைச் சுருளுக்குள்ள அதே குணம் காகிதத்துக்கும் உண்டு; விரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது மேற்பூச்சு. அந்தச் சிறுமியின் தாய் முதலில் செய்த ஜோடி, மதுரை வெயிலின் வியர்வையில் ஒரே வாரத்தில் ஊறி உப்பிவிட்டதாம். அந்த வெள்ளைப் பசை நீர் பட்டால் இளகும். நிறமற்ற வார்னிசை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டுப் பூச வேண்டும். மணிகளை ஈர்க்கில் கோத்து வாழைத்தண்டில் குத்தி நிறுத்திக் காயவைப்பது அவருடைய முறை. வார்னிசின் நெடி நல்லதன்று. தாழ்வாரத்திலோ மாடியிலோ செய்யுங்கள், அடுப்புக்கு அருகில் வேண்டவே வேண்டாம். காதில் மாட்டும் கொக்கியில் சிக்கனம் கூடாது. மலிவான கொக்கியிலுள்ள நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். வெள்ளிக் கொக்கி இயலாவிடில் நல்ல எவர்சில்வர் கொக்கி போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மணிகள் சிதறிக் கிடக்கலாகாது என்பதைத் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கைக்கூலி எங்கே?

இதுவரை எழுதியது மகிழ்ச்சியான பகுதி. சிறுமியின் காதில் ஜிமிக்கியைக் கண்ட அண்டை வீட்டார் தங்களுக்கும் கேட்கவே, அந்தத் தாய்க்கு இதை விற்றுப் பார்க்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. ஊரிலுள்ள ஓர் அலங்காரப் பொருள் கடைக்கு இருபது ஜோடிகளைக் கொண்டுபோனார். ஜோடிக்கு 25 ரூபாய் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். தயங்கி நின்றவரிடம், "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே அம்மா? பேப்பரும் குப்பையில் போகிறது" என்றாராம். அவர் அதை ஏற்றுக்கொண்டு 500 ரூபாயுடன் வீடு திரும்பினார். பெரிய தொகையாகவே அன்று தோன்றிற்று.

மறுவாரம் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்தபின், ஒரு நோட்டுத் தாளில் இருவரும் கணக்குப் பார்த்தோம். கொக்கி, பசை, வார்னிசு, வண்ணம், தொங்கவிடும் முத்து எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 20 ரூபாய். காய்கின்ற நேரத்தை விட்டுவிட்டால், கை வேலை மட்டும் ஒன்றரை மணி நேரம். ஆக, ஒன்றரை மணி நேர உழைப்புக்கு அவருக்கு மிஞ்சியது ஐந்து ரூபாய். இருபது ஜோடிகளுக்கு முப்பது மணி நேரம். கூலி நூறு ரூபாய்.

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய். கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் பெண்ணுக்குரிய அந்தக் கூலியையாவது நுணுக்கமான கைவேலைக்குக் கணக்கிட வேண்டாமா? கணக்கிட்டால் உழைப்புக்கு 60, பொருளுக்கு 20, ஆக ஜோடி 80 ரூபாய்க்குக் குறைந்து விற்கலாகாது. "எண்பதா! யார் டீச்சர் வாங்குவாங்க?" என்று அவர் சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்தி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு வாடகை உண்டு, போட்டி உண்டு. 'சும்மா இருக்கிற நேரம்' என்ற சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படியொரு நேரம் அந்தத் தாய்க்கு எப்போது இருந்தது? காலை நான்கரைக்குத் தண்ணீர் பிடிக்கத் தொடங்குகிறவர் அவர். ஜிமிக்கி செய்தது இரவு ஒன்பதுக்கு மேல், தூக்கத்தை விற்று. நம் வீடுகளிலும் இதே சொல்லைக் கணவன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமே நம் மருமகள்களிடம் சொல்லியிருக்கிறோம்.

காகித மணியைப் பெருந்தொழிலாகக் கண்ட நாடு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா. சனா கதேஜா என்ற ஓவியக் கலைஞர் இலண்டனில் நகைக்கலை பயின்று நாடு திரும்பியபின், 1990ஆம் ஆண்டளவில் பழைய தாள்களில் மணி உருட்டும் முறையை அங்கே பரப்பினார். வடக்கே நடந்த உள்நாட்டுப் போரால் ஊரை விட்டு ஓடிவந்து, தலைநகர் கம்பாலாவின் சேரிகளில் கல்லுடைத்துப் பிழைத்த அச்சோலி இனப் பெண்கள் பலர் இதைக் கற்றனர். 2004இல் அமெரிக்கப் பெண்மணிகள் மூவர் அவர்களுடைய மாலைகளைத் தம் நாட்டில் விற்க ஓர் அமைப்பை நிறுவினர். அமெரிக்காவில் வீடுதோறும் தோழியர் கூடி மாலைகளைப் பார்த்து வாங்கினர். அப்போது, செய்தவரின் கதையும் உடன் சென்றது. உழைப்புக்கு உரிய விலையும் கிடைத்தது. அந்த அமைப்பினர் மணியையே வாழ்நாள் பிழைப்பாகக் கொள்ளச் சொல்லவில்லை. மணியில் வந்ததைச் சேமித்து வேறொரு சிறு தொழிலைத் தொடங்கவே பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். நாளடைவில் மணி விற்பதைவிடத் தொழில் பயிற்சியே அவர்களுடைய முதன்மைப் பணியாயிற்று.

நம்மிடம் அமெரிக்கச் சந்தை இல்லை. ஆனால் பங்குத் திருவிழா உண்டு, கிறிஸ்து பிறப்புக் கால விற்பனை உண்டு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் உண்டு. மதுரையை அடுத்த விளாச்சேரிக் கைவினைஞரைப் பாருங்கள். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, டிசம்பருக்கு நம் குடில் சுரூபங்கள் என்று, களிமண்ணையும் காகிதக் கூழையும் கொண்டு, காலத்தை அறிந்து தொழில் செய்கிறார்கள். காகித நகைக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. பள்ளி ஆண்டு விழா, ஆடைக்கேற்ற நிறத்தில் பிள்ளைகள் கேட்கும் நேரம், திருமண வீட்டில் தோழியருக்குக் கொடுக்கும் சிறு பரிசு. அந்தத் தாயின் 80 ரூபாய் ஜிமிக்கி, புடவைத் துண்டைக் கொண்டுவந்து "இந்த நிறத்தில் வேண்டும்" என்று கேட்பவர்களிடமே விலை போகிறது. கடையில் தொங்கும் பிளாஸ்டிக் நகையோடு போட்டியிட்டால் தோற்கும்.

சென்ற திருவிழாவில் கோயில் மதிலோரம் சிறு மேசை போட்டு, ஒவ்வொரு பொருளின் அருகிலும் அது செய்யப் பிடித்த நேரத்தை எழுதி வைத்தோம். செபமாலை, நான்கு மணி நேரம், 190 ரூபாய். ஜிமிக்கி, ஒன்றரை மணி நேரம், 80 ரூபாய். பேரம் பேசியவர்கள் பலர். சீட்டைப் படித்துவிட்டுப் பேரத்தை நிறுத்தியவர்களும் சிலர் இருந்தனர். இரண்டு நாளில் பதினொரு செபமாலைகளும் பதினாறு ஜோடி ஜிமிக்கிகளும் விற்றன. மீதி திரும்பிவிட்டன. கழுத்து மாலைகளை ஒருவரும் தொடவில்லை. நிறத் தேர்வு சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

சிறுமியின் கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மாத வட்டியை இந்த வேலையில் வரும் பணத்தில் கட்டுகிறார்கள். முதல் அப்படியே நிற்கிறது. புதுநன்மை நாளில் அவள் வெண்ணிற உடைக்கேற்ப வெண்முத்துத் தொங்கும் காகித ஜிமிக்கியே அணிந்து வந்தாள். அதே வரிசையில் நின்ற மற்றொரு சிறுமி, தன் தங்கத் தோட்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்று பூசை முடியும் முன்னரே அடம் பிடித்ததும், அவளுடைய தாய் கண்ணை உருட்டியதும் தனிக் கதை.

இந்த சனவரியில் பழைய காலண்டர்களை எங்கள் அன்பியத்தில் ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். ஆணித் துளையும் மேலே அடித்த தகரப் பட்டையும் நீக்கி, தாளை மடிக்காமல் சுருட்டிக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து, மணியில் வெள்ளைக் கோடு தெரியும்.